வைஃபையில் ஓடும் உபுண்டுவுக்குள் விண்டோஸ் 7: நிறுவைக் கொட்டில் கணினிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கணக்கப்பிள்ளை (அக்கரைப்பற்று)

வணக்கம். அக்கரைப்பற்றில் ஒரு நெல் ஆலையில் பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கணினியை முறையாகப் படித்ததில்லை. அதோடு மல்லுக்கட்டியதில் வந்த அறிவுதான்.

ஐப்பசி இடியில் காரியாலயக் கணினியின் தாய்ப்பலகை கருகிவிட்டது. வட்டு மட்டும் தப்பியது. ஆலையின் உயிர் அந்த வட்டில்தான் இருக்கிறது: 2009இல் ஒருவர் எழுதிக் கொடுத்த நிறுவை மென்பொருள். விண்டோஸ் 7 புரொஃபெஷனல், 32 பிட். தரவெல்லாம் அதே கணினியில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. எழுதியவர் இப்போது வெளிநாட்டில். நல்ல மனிதர், வாட்ஸ்அப்பில் பதில் தருவார். ஆனால் மூல நிரலைத் தேடித் தருகிறேன் என்று சொல்லி மூன்று பொங்கல் போய்விட்டது.

முதலாளியின் மகன் கொழும்பில் படித்தபோது வைத்திருந்த மேசைக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம், உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். அதில் விர்ட்-மேனேஜர் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் நிரல்) நிறுவி, பழைய வட்டை அப்படியே பிம்பமாக எடுத்து, மெய்நிகர் கணினியாக எழுப்பிவிட்டேன். எளிதாக எழும்பவில்லை. முதல் மூன்று தடவையும் நீலத் திரை, முடிவில் 7பி என்ற எண், வட்டைத் தொட முடியவில்லை என்று அர்த்தம். வட்டு வகையை விர்ட்டியோவிலிருந்து, பழைய விண்டோஸுக்குத் தெரிந்த ஐடிஇக்கு மாற்றினேன். அதற்காகச் சிப்செட்டையும் க்யூ35 விட்டு ஐ440எஃப்எக்ஸ் என்று ஆக்க வேண்டியிருந்தது. பிறகு பழைய வால்பேப்பரோடு திரை வந்தது. ஒல்லாந்தர் கோட்டைப் படம். கொஞ்சம் கண்கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

இனித்தான் சிக்கல். நெல் ஏற்றிவரும் லொறியும் உழவு இயந்திரமும் வாசலில் உள்ள நிறுவைக் கொட்டிலில் நிற்கும். அங்கே ஒரு விண்டோஸ் 10 கணினி, ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கிறது. முகவரி 192.168.1.35. அது 192.168.1.20 என்ற முகவரியில் பழைய கணினியின் தரவுத்தளத்தைத் தேடும், சிட்டை அடிக்கும். ரவுட்டர் முதலாளியின் அறையில். நான் இருப்பது முற்றத்துக்கு அந்தப் பக்கம், பழைய களஞ்சிய அறையில். முன்பு இருந்த கேபிளும் அதே இடியில் போய்விட்டதால் உபுண்டு கணினிக்கு வைஃபை டொங்கிள்தான்.

இப்போதைய நிலை: உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு 192.168.122.61 என்று முகவரி கிடைக்கிறது. அதிலிருந்து இணையம் வருகிறது. உபுண்டுவிலிருந்து தரவுத்தளத்தைத் தொட முடிகிறது. கொட்டில் கணினியிலிருந்து மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. சுவருக்குள் பேசுவது போல.

நான் முயன்று பார்த்தவை: மெய்நிகர் கணினியின் வலைப்பின்னல் மூலத்தை மேக்விடேப் (வெளி வலையில் நேரடியாகச் சேர்க்கும் வகை) என்று மாற்றி வைஃபை டொங்கிளைக் காட்டினேன். விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, இணையமும் போனது. பிறகு ஒரு காணொளியைப் பார்த்து பிஆர்0 என்ற பிரிட்ஜை (மெய்நிகர் கணினியை வெளி வலையோடு இணைக்கும் பாலம்) உருவாக்கி, டொங்கிளை அதில் சேர்க்கப் போனேன். அப்படிச் சேர்க்க முடியாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. காணொளிக்காரருக்கு இரண்டு நிமிடத்தில் வேலை செய்தது.

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டது. இப்போது சிட்டையைக் கையால் எழுதி, இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுகிறேன். நேற்று 83 சிட்டை. எங்கே பிழை விடுகிறேன்?

கல்முனைக் கணினிக்கடை

அண்ணன், இந்த விர்ட்-மேனேஜரை எல்லாம் தூக்கிப் போடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவி, வலைப்பின்னலில் பிரிட்ஜ் என்பதைத் தெரிவு செய்தால் போதும். வைஃபையிலும் வேலை செய்யும். நான் எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் முடியாவிட்டால் அந்தக் கணினியில் நேரடியாக விண்டோஸைப் போட்டுவிடுங்கள், தலைவலி தீர்ந்தது.

கணக்கப்பிள்ளை

தம்பி, அண்ணன் இல்லை, அக்கா. நேரடியாகப் போட்டுப் பார்த்தாயிற்று. அந்த வட்டைப் புதுக் கணினியில் பொருத்தினால் எழும்ப மறுக்கிறது, புதிதாக நிறுவினால் மென்பொருள் எந்த எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று எழுதியவருக்கே இப்போது ஞாபகம் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் யோசனைக்கு நன்றி, ஆனால் நீலத் திரையோடு இன்னொரு தடவை போராடத் தெம்பில்லை. இதிலேயே வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

கல்லடி வாத்தியார்

தங்கச்சி, நீங்கள் பிழை எதுவும் விடவில்லை. நடக்காத ஒன்றை நடத்தப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். காணொளிக்காரரின் கணினி கேபிளில் இருந்திருக்கும்.

உங்கள் ஆலை வாசலை வைத்தே சொல்கிறேன். வைஃபை ரவுட்டர் ஒரு வாசல் காவலாளி. உங்கள் டொங்கிள் இணையும்போது தன் வன்பொருள் முகவரியைச் சொல்லிப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அது அனுப்பும் ஒவ்வொரு பொதியிலும் மூன்று முகவரிக் கட்டங்கள்தான் இருக்கும்: அனுப்பும் வைஃபை அட்டை, ரவுட்டர், போய்ச்சேர வேண்டிய இடம். “வண்டி என்னுடையது, ஆனால் உள்ளே இருக்கும் மூடை இன்னொருவருடையது” என்று எழுத நான்காவது கட்டம் இல்லை. பிரிட்ஜ் போட்டால் மெய்நிகர் கணினி தன் சொந்த வன்பொருள் முகவரியோடு வாசலுக்கு வரும். பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. காவலாளி திருப்பி அனுப்புவார். முகவரி கேட்டுப் போன கோரிக்கைக்குப் பதிலே வராததால்தான் விண்டோஸ் 169.254ஐத் தானே போட்டுக்கொண்டது. அந்த எண் வந்தால் “யாரிடமும் பேச முடியவில்லை” என்று அது சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கட்டம் உள்ள ஒரு முறையும் வைஃபையில் இருக்கிறது, டபிள்யூடிஎஸ் என்பார்கள். இரண்டு பக்கமும் அதைப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ரவுட்டர் பலவற்றில் அது இல்லை.

கல்முனைத் தம்பி சொன்னதும் பொய்யில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் வைஃபையில் ஒரு தந்திரம் செய்கிறது: வெளியே போகும் பொதியில் மெய்நிகர் கணினியின் வன்பொருள் முகவரியை அழித்து டொங்கிளின் முகவரியை எழுதுகிறது, திரும்பி வருவதை ஐபி முகவரியைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் அதற்காக மாற வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் இப்போது பாவிக்கும் விர்ட்-மேனேஜருக்கு அடியில் ஓடும் கேவிஎம், 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் தன் கூறுகளைத் தனியாகச் செருகுவது. கெர்னல் புதுப்பித்த மறுநாள் காலையில் அது எழும்பாமல் நின்றால் வாசலில் லொறி வரிசை நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளா.

ஆகவே இரண்டு படியாகச் செய்யுங்கள்.

இன்றிரவே செய்யக்கூடியது. இப்போது விண்டோஸ் இருப்பது, விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் வேலை செய்யும் லிப்வர்ட்டின் இயல்பான வலைப்பின்னலில், 192.168.122 என்ற தனி வளவு. உபுண்டு அதற்குப் படலை. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் தாமாக உள்ளே நுழைய முடியாது. கொட்டில் கணினிக்கு வேண்டியது ஒரே ஒரு கதவு: மைஎஸ்கியூஎல்லின் 3306ஆம் போர்ட். சோகாட் என்ற சிறு நிரலை உபுண்டுவில் நிறுவி, “என் 3306இல் யார் தட்டினாலும் 192.168.122.61இன் 3306க்குக் கொண்டுபோய் விடு” என்று சொல்லுங்கள். அந்தக் கட்டளையில் ஃபோர்க் என்ற சொல் இல்லாவிட்டால் முதல் லொறிக்கு மட்டும் வேலை செய்துவிட்டு நிரல் முடிந்துவிடும். என் மாணவன் ஒருவன் இதற்காக ஒரு ஞாயிறு முழுவதையும் தொலைத்தான். கணினி எழும்போதே இதுவும் எழும்படி சிஸ்டம்டியில் (உபுண்டுவில் சேவைகளைத் தொடங்கிவைப்பது) ஒரு சேவையாக எழுதிவையுங்கள். ரவுட்டரில் உபுண்டுவின் டொங்கிளுக்கு 192.168.1.20ஐ ஒதுக்கிவிட்டால் கொட்டில் பக்கம் எதையும் தொட வேண்டியதில்லை. அது பழைய கணினியிடமே பேசுவதாக நினைத்துக்கொள்ளும். விண்டோஸின் 61ஆம் எண்ணும் மாறாமலிருக்க வேண்டும். விர்ஷ் நெட்-எடிட் என்ற கட்டளையில் போய் அதன் வன்பொருள் முகவரிக்கு அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

ஆறுதலாகச் செய்ய வேண்டியது, கேபிள். ரவுட்டரிலிருந்து உங்கள் அறை வரை எத்தனை மீற்றர்? நூறுக்குள் என்றால் சாதாரண வலைக் கேபிளே போதும். கேபிள் வந்தபின் பிரிட்ஜ் பத்து நிமிட வேலை. எழுதித் தருகிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. அதற்கு இணையம் தேவையே இல்லை. பிரிட்ஜில் போட்டதும் அதன் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். கொட்டிலோடு பேசும், ஊர் சுற்றாது.

அறுகங்குடா விடுதிக்காரன்

வாத்தியார் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. அக்கா, உங்கள் பழைய கேபிள் இடியில் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே முற்றத்தில் மறுபடியும் செப்புக் கேபிளை இழுத்தால் அடுத்த ஐப்பசியில் இதே கதையை இங்கே திரும்ப எழுதுவீர்கள். எனக்கு நடந்தது. வரவேற்பறைக்கும் பின்னால் உள்ள கபானாக்களுக்கும் இடையில் கேபிள். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது, கேபிளின் இரண்டு முனையிலும் இருந்த பெட்டிகள் ஒன்றாகச் செத்தன. கேபிளில் நேராக இடி விழ வேண்டும் என்றில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும், இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஓடும் செப்பு அதை வாங்கிக்கொள்ளும்.

பிறகு பவர்லைன் அடாப்டர் வாங்கினேன், மின் வயரிலேயே வலையை அனுப்புவது. விடுதியில் சுமாராக ஓடியது. ஆலைக்கு வேண்டாம். உங்களிடம் மூன்று ஃபேஸ் மின்சாரம் இருக்கும். முதலாளியின் அறை ஒரு ஃபேஸிலும் உங்கள் அறை இன்னொன்றிலும் இருந்தால் இணைப்பு நொண்டும். குற்று மெஷின் மோட்டார் ஓடத் தொடங்கினால் அந்த இரைச்சலும் வயரில் சேரும்.

நான் கடைசியில் போய் நின்ற இடம் ஃபைபர். ஒரு முனையில் ஒரு மீடியா கன்வேர்ட்டர், மறு முனையில் இன்னொன்று, நடுவில் கண்ணாடி இழை. உலோகக் கம்பி சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். சில வெளிப்புறக் கேபிளில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி ஒன்று கூடவே வரும், அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். கன்வேர்ட்டர் இரண்டும் ஒரே அலைநீள வகையாக இருக்க வேண்டுமா, எதிரெதிர் சோடியாக இருக்க வேண்டுமா என்று கடையில் கேளுங்கள். ஒற்றை இழை என்றால் சோடி வேண்டும். நான் ஒரே மாதிரி இரண்டை வாங்கிவிட்டு, விளக்கு எரியவில்லை என்று இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் திட்டினேன்.

கணக்கப்பிள்ளை

முற்றத்தைக் கயிறு பிடித்து அளந்தேன். 38 மீற்றர். ஃபைபர் என்றதும் முதலாளி “டவுனுக்கு லைன் இழுக்கிறீர்களா?” என்று கேட்டார். கருகிய தாய்ப்பலகையை மேசையில் வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் சாமான் கல்முனையிலிருந்து வர ஒரு கிழமை ஆகும்.

அதற்குள் சோகாட் வேலையை முடித்தேன். ஃபோர்க்கும் போட்டேன். கொட்டிலில் சிட்டை அழுத்தினால் இப்போது நீண்ட மௌனம் இல்லை, உடனே பிழை வருகிறது. அதை முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பிழை எண் 1130. 192.168.122.1 என்ற இடத்திலிருந்து இந்த மைஎஸ்கியூஎல்லோடு இணைய அனுமதி இல்லை என்று சொல்கிறது. எனக்கு விளங்காதது இதுதான்: கொட்டிலின் முகவரி 1.35. இந்த 122.1 யார்? நான் எங்குமே அதை எழுதவில்லையே.

கல்லடி வாத்தியார்

அது உங்கள் உபுண்டுதான். வெளியே அதற்கு 1.20 என்று பெயர், உள் வளவில் 122.1 என்று பெயர். சோகாட் பொதியை அப்படியே தள்ளிவிடுவதில்லை. கொட்டிலிடம் ஒரு பேச்சு, விண்டோஸிடம் தன் பெயரில் இன்னொரு பேச்சு என்று நடுவில் நின்று தரகு செய்கிறது. ஆகவே தரவுத்தளத்தின் கண்ணுக்கு வந்திருப்பவர் 122.1. அந்த நாளில் மென்பொருளை எழுதியவர் கவனமான ஆள் போலிருக்கிறது, 192.168.1 என்று தொடங்குபவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

தரவுத்தளத்தின் தலைமைக் கடவுச்சொல் உங்களிடம் இருந்தால், அதே பயனருக்கு 192.168.122.1 இலிருந்தும் வர அனுமதி கொடுங்கள், ஒரே வரிக் கட்டளை. இல்லாவிட்டால் சோகாட்டை விட்டு, லினக்ஸின் தீச்சுவர்க் கருவியான ஐபிடேபிள்ஸால் திருப்பிவிடும் வழி இருக்கிறது. அதில் வந்தவரின் உண்மையான முகவரி மாறாது. ஆனால் லிப்வர்ட் தானே எழுதிவைத்திருக்கும் தடைக்கு மேலே உங்கள் விதியைச் செருக வேண்டும், வலைப்பின்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் அதைத் திரும்பச் செய்ய தானாக ஓடும் ஒரு ஹூக் கோப்பும் எழுத வேண்டும். ஒரு கிழமைக்காக அந்தப் பாடு வேண்டாம்.

கடவுச்சொல் இருக்கிறதா?

கணக்கப்பிள்ளை

இருக்கிறது சேர். 2009ஆம் ஆண்டுப் பேரேட்டின் பின்னட்டையில், எனக்கு முன்பிருந்த கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில், பென்சிலால். கீழே “அழிக்க வேண்டாம்” என்று மையால் எழுதியிருந்தார்.

அனுமதி கொடுத்தேன். மாலை 4.20க்குக் கொட்டிலிலிருந்து முதல் சிட்டை அடித்தது. டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அந்தச் சத்தம் போட்டபோது, வரிசையில் நின்ற லொறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லடி வாத்தியார்

நல்லது. ஃபைபர் வந்ததும் செய்ய வேண்டியதை இப்போதே எழுதிவைக்கிறேன், அப்புறம் பேரப்பிள்ளைகள் வந்தால் என்னைப் பிடிக்க முடியாது.

உபுண்டு டெஸ்க்டொப்பில் வலைப்பின்னலைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர். அதன் இணைப்புத் திருத்தியில் புதிதாகப் பிரிட்ஜ் வகை இணைப்பு ஒன்றைச் சேர்த்து, பிஆர்0 என்று பெயரிட்டு, அதற்கு உறுப்பினராகக் கேபிள் அட்டையைக் கொடுங்கள். ஐபி முகவரி இனி பிரிட்ஜுக்குத்தான், கேபிள் அட்டைக்கு அல்ல. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள். எஸ்டிபி (வலையில் பொதிகள் சுற்றிச் சுற்றி வராமல் தடுப்பது) என்று ஒரு தெரிவு இயல்பாகவே செயலில் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இருந்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் பிரிட்ஜ் முப்பது விநாடி வாயை மூடிக்கொண்டிருக்கும், நீங்கள் அதற்குள் பொறுமையிழந்து எதையாவது மாற்றிக் கெடுத்துவிடுவீர்கள். பழைய “கம்பி இணைப்பு 1” தானாக இணைவதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை கணினி எழும்போது பிரிட்ஜுக்கு முன்னால் அது அட்டையைப் பறித்துக்கொள்ளும். கடைசியாக, விர்ட்-மேனேஜரில் மெய்நிகர் கணினியின் வலை மூலத்தைப் பிரிட்ஜ் சாதனம் என்று மாற்றி, பிஆர்0 என்று எழுதுங்கள்.

அந்தக் கணினியில் டொக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) இருந்தால் சொல்லுங்கள். அது தன் வசதிக்காகத் தீச்சுவரில் கடந்துபோகும் பொதிகளை எல்லாம் மறிக்கும். பிரிட்ஜில் உள்ள மெய்நிகர் கணினி ஏன் ஊமையானது என்று தேடியே ஆயுள் போகும்.

கணக்கப்பிள்ளை

டொக்கர் இல்லை. ஃபைபர் வந்தது, கன்வேர்ட்டர்கள் சோடியாகவே வாங்கினேன் (விடுதிக்கார அண்ணனுக்கு நன்றி, கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்). ஞாயிறு ஆலை ஓய்வு. அன்று பிரிட்ஜைப் போட்டேன். நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

முதலாவது என் மடத்தனம். 192.168.1.20ஐ விண்டோஸுக்கே கொடுத்தேன். ஆனால் சோகாட் நாளில் அதே எண்ணை உபுண்டுவின் டொங்கிளுக்கு ஒதுக்கியிருந்ததும், டொங்கிள் இன்னும் செருகியிருந்ததும் மறந்துபோனது. முகவரி மோதுகிறது என்று விண்டோஸ் சொன்னது. டொங்கிளைக் கழற்றி, ரவுட்டரில் ஒதுக்கியதை அழித்து, சோகாட் சேவையையும் நிறுத்தினேன்.

இரண்டாவது சேரின் புத்திமதியால் வந்தது, குறை சொல்லவில்லை. கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டேன். விண்டோஸ் உடனே இது “அடையாளம் தெரியாத வலைப்பின்னல்” என்று முடிவு செய்து, பொது இடம் என்ற வகையில் போட்டுப் பூட்டிவிட்டது. வீடா, வேலையா, பொதுவா என்று கேட்கவே இல்லை, மாற்றவும் விடவில்லை. தீச்சுவரில் 3306க்கு இருந்த அனுமதி, வேலை இடத்துக்கு மட்டும் கொடுத்த அனுமதி. கொட்டிலிலிருந்து தட்டினால் பதிலே இல்லை. இரண்டு மணித்தியாலம் பிரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம், அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. பிறகு அந்தத் தீச்சுவர் விதியைத் திறந்து, பொது என்ற கட்டத்திலும் சரி போட்டு, 1.35க்கு மட்டும் என்று ஒடுக்கினேன். கதவு திறந்தது.

கல்லடி வாத்தியார்

குறை சொல்லுங்கள், தகும். கேட்வே இல்லாவிட்டால் விண்டோஸ் 7க்கு வலைப்பின்னலை அடையாளம் காண வழியில்லை. அது எனக்குத் தெரிந்த விடயம், சொல்லாமல் விட்டதுதான் பிழை. 1.35க்கு மட்டும் என்று ஒடுக்கியது என் யோசனையைவிட நல்ல யோசனை.

நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இணையம் இல்லாத விண்டோஸ் நேரத்தை யாரிடமும் கேட்டுத் திருத்தாது.

கணக்கப்பிள்ளை

சேர், அதை நீங்கள் சனிக்கிழமை கேட்டிருக்கலாம்.

திங்கள் காலை ஐந்து மணிக்கே கொட்டில் திறந்தார்கள். நான் ஏழரைக்குத்தான் போனேன். போகும்போதே வாசலில் தம்பிலுவில் விவசாயி ஒருவர் சிட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பிள்ளை, நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்கு நான் என் வீட்டில் படுத்திருந்தேன், இந்த நெல்லை யார் கொண்டுவந்தது?” அவர் நிறுத்தது காலை 5.10க்கு. சிட்டையில் ஞாயிறு இரவு 11.40 என்று இருந்தது. நேரத்தைத் தரவுத்தளம்தான் போடுகிறது.

சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்னால். நம் நாட்டு நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். முதல் நாள் எழுப்பியபோதும் இப்படித்தான் இருந்தது, கையால் திருத்தியிருந்தேன். ஞாயிறு மெய்நிகர் கணினியை முழுதாக அணைத்து எழுப்பியதும் பழையபடி ஆகிவிட்டது. தேடிப் பார்த்தால் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது: மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இயங்குதளப் பட்டியலில் விண்டோஸ் 7 இல்லை, “பொதுவானது” என்று கொடுத்துவிட்டேன். காலாவதியான இயங்குதளங்களையும் காட்டு என்று கீழே ஒரு சின்னப் பெட்டி இருந்திருக்கிறது, அதில் சரி போட்டால்தான் வரும். பொதுவானது என்றால் கடிகாரம் உலக நேரத்தில். விண்டோஸோ கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்றே நம்பும். விர்ட்-மேனேஜரில் மெய்நிகர் கணினியின் எக்ஸ்எம்எல் பக்கத்தில் கிளாக் ஒஃப்செட் என்ற இடத்தில் யூடிசி என்பதை லோக்கல்டைம் என்று மாற்றி, முழுதாக அணைத்து எழுப்பினேன். உள்ளிருந்து மறுதொடக்கம் செய்தால் மாறாது, அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஐந்தரைக்கு முன் அடித்தவை ஆறு சிட்டை. அவற்றில்தான் திகதியே மாறியிருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மையால் திருத்தி, முதலாளியின் சுருக்கொப்பமும் வாங்கினேன். ஐந்து பேர் கொண்டுவந்து தந்தார்கள். ஆறாவது ஆள், அந்தத் தம்பிலுவில்காரர், பிற்பகல் வரை யோசித்துவிட்டு, திருத்த வேண்டாம் என்று சிட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஞாயிறு வரை கிலோவுக்கு இரண்டு ரூபா கூடுதலாகப் போட்டிருந்தோமாம்.